குறுகலான சாலையில் எதிரே குதிரை வந்தால் என்ன செய்வீர்கள்?

இங்கிலாந்தில் பைக் ஓட்டும் நண்பர்களே, ஒரு சந்தேகம். குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்குக் குறைவான வேகம், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி என்கிறது 2022-இல் திருத்தப்பட்ட ஹைவே கோட் என்ற சாலை விதித்தொகுப்பு. ஹாரன் அடிக்கக் கூடாது, ஆக்சிலரேட்டரை முறுக்கக் கூடாது. சரி. ஆனால் தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பக்கம் இருபுறமும் உயரமான புதர்வேலி, ஒரு கார் மட்டுமே போகும் அகலம். 2 மீட்டருக்கு எங்கே போவது?

எதிரே குதிரை வந்தால் ஓரமாக நின்று இன்ஜினை அணைத்துவிடுகிறேன். அப்புறம் ஸ்டார்ட் செய்யும் சத்தத்தில் அது மிரண்டுவிடுமோ என்று பயம். எவ்வளவு தூரம் விலகிய பிறகு கிளப்பலாம்?

குதிரைக்குப் பின்னால் மெதுவாகப் போகும்போது கார்காரர்கள் என் முதுகில் ஏறாத குறைதான். அவர்களுக்கு எப்படிச் சைகை காட்டுகிறீர்கள்?

குதிரை சவாரி செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசினால் குதிரை அமைதியாகுமா?