மணலில் 2 மி.மீ. வெள்ளைக் குழல்: சீக்கம் என்ற குட்டிக் கடல் நத்தைதானா?

கேள்வி: பிரிட்டன் கரை மணலை 0.5 மி.மீ. சல்லடையில் சலித்ததில் லேசாக வளைந்த குழல்கள் நிற்கின்றன. சுருளே இல்லை. நத்தையா, யானைத் தந்தம் போன்ற ஓடுள்ள தந்தச் சிப்பியா?

பதில் 1: முனைகளைப் பாருங்க. தந்தச் சிப்பிக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். சீக்கத்துக்கு ஒரு முனை அடைபட்டிருக்கும். குஞ்சுப் பருவத்தில் இதன் ஓடும் தட்டையாகச் சுருண்டதுதான். வளரும்போது உள்ளே குறுக்கே தடுப்பு கட்டி, பின்பக்கத்துப் பழைய ஓட்டைக் கழற்றிவிடும். அதனால்தான் சுருள் காணோம், எவ்வளவு அழகான ஏற்பாடு! இனம் பிரிக்க, 20 மடங்கு பெருக்கத்தில் அந்த அடைப்பைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்க: குமிழா, முள்ளா? பிறகு மேற்பரப்பு. நெருக்கமான வளையங்கள் இருந்தால் சீக்கம் டிரேக்கியா. வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் சீக்கம் கிளாப்ரம். அலையில் தேய்ந்த ஓட்டில் வளையம் மங்கிவிடும், அதை நம்பிப் பெயர் வைக்காதீங்க.

பதில் 2: இடுக்கியில் பிடித்தால் நொறுங்கும். ஈரத் தூரிகை நுனியில் ஒற்றி எடுங்க. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்கி, நிழலில் உலர்த்தி, ஜெலட்டின் கேப்சூலில் போடுங்க. வினிகர் படவே கூடாது, சுண்ணாம்பு ஓடு கரைந்துவிடும். மரப்பெட்டியும் வேண்டாம்: மரத்தின் அமில ஆவியால் ஓட்டில் வெள்ளைப் பொடி பூத்து மேற்பரப்பு அரித்துவிடும்.