சமையற்கலைச் சான்றிதழ்: வேலையை விடாமல் பெற முடியுமா?

கேள்வி (வெள்ளவத்தை):
சாதாரண தரம் முடித்து, உணவகமொன்றில் உதவிச் சமையற்காரனாக இருக்கிறேன். சமையற்கலையில் முறையான சான்றிதழ் பெற விரும்புகிறேன். ஆனால், வேலையை விட வசதியில்லை. அண்ணாமார், அக்காமார் வழிகாட்டுவீர்களா?

பதில் 1:
தம்பி, எந்த நிறுவனமாயினும், பணம் கட்டுமுன் அதன் கற்கைநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா எனப் பாருங்கள். என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) இல்லாத அழகிய சான்றிதழ்கள் கொழும்பில் ஏராளம்.

பதில் 2:
முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் முறையொன்று உண்டு. சேவைக் கடிதம் போன்ற சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் சமைத்துக் காட்டினால், முழுநேர வகுப்புக்குச் செல்லாமலே என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். அந்தத் தகைமையின் ஐந்தாம் மட்டத்திலிருந்துதான் டிப்ளோமா. கை பழகியவர்களும் தடுமாறக்கூடியது உணவுப் பாதுகாப்பில்தான்: சமைத்த உணவை 5 முதல் 60 பாகை செல்சியஸுக்கு இடையில் நெடுநேரம் வைத்தால் கிருமிகள் விரைவாகப் பெருகும் என்பதைக் காரணத்தோடு விளக்கப் பழகுங்கள்.

கேட்டவர்:
நன்றி அக்கா. முதலாளியிடம் சேவைக் கடிதம் கேட்கிறேன்.