மறு: மெயின்ஃப்ரேம் லினக்ஸ் நிறுவியில் 'ஆன்லைன்': 'பணியில் அமர்த்து' எனலாமா?

வணக்கம்.

> ஆன்லைனுக்கு 'நிகழ்நிலை' ஏற்கெனவே பழகிவிட்டது. நிறுவியில் மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

பழகிவிட்டதுதான் இங்கே சிக்கல். நிகழ்நிலை, இயங்கலை, இணையவழி என எதை எழுதினாலும் படிப்பவர் மனதில் இணையம்தான் வந்து நிற்கும். வங்கி போன்ற பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் பெருங்கணினியான மெயின்ஃப்ரேமில் 'ஆன்லைன்' என்ற சொல்லுக்கும் இணையத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 காலத்திலிருந்தே, ஒரு வட்டையோ நாடாக் கருவியையோ பயன்பாட்டுக்குத் திறந்துவிடுவதற்கு அங்கே அதுதான் பெயர். 1999 இறுதியில் லினக்ஸ் மெயின்ஃப்ரேமுக்கு வந்தபோது சொல்லும் கூடவே ஒட்டிக்கொண்டது.

மற்ற கணினிகளில் லினக்ஸ் நிறுவிப் பழகியவருக்கு இந்த நிலையே புதிது. அங்கே வட்டைச் செருகினால் லினக்ஸின் மையப் பகுதியான கரு (கெர்னல்) தானாகக் கண்டுகொள்ளும். இங்கே, ஒரே மெயின்ஃப்ரேமில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இசட்/விஎம்மில், முதலில் வட்டை நம் மெய்நிகர் கணினியோடு இணைக்க வேண்டும். கருவின் புறக்கணிப்புப் பட்டியலில் அதன் எண் இருந்தால் அப்போதும் லினக்ஸின் கண்ணில் படாது. பட்டியலிலிருந்து எடுத்தால் தெரியும், ஆனால் பயன்படாது. 0.0.0150 என்பதுபோல் சாதன எண்ணைச் சொல்லி ஆன்லைன் ஆக்க வேண்டும். அது டாஸ்டி எனப்படும் மெயின்ஃப்ரேம் வகை வட்டு, அதுவும் புதிது என்றால், அதன்பிறகு வடிவூட்ட (ஃபார்மட் செய்ய) வேண்டும்.

தொலைவிலிருந்து திரையைக் காட்டும் விஎன்சி வழியே நிறுவியைத் திறந்தவர் '0.0.0150 சாதனத்தை நிகழ்நிலைக்குக் கொண்டுவர இயலவில்லை' என்று பார்த்தால் என்ன செய்வார்? பிணைய அமைப்பைத் துழாவப் போவார். பிணைய அட்டையில் குழப்பம் இன்னும் மோசம். 'அட்டை நிகழ்நிலையில் உள்ளது' என்றால் பிணையம் கிடைத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் படிக்க, எழுத, தரவுக்கு என மூன்று துணைத்தடங்களை (சப்சேனல்) குழுவாக்கி அட்டையைக் கரு ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். ஐபி முகவரி கொடுக்கும் வேலை இனிமேல்தான்.

முன்மொழிந்த மற்ற இரண்டையும் பார்த்தேன். 'இணை' நல்ல சொல்தான், ஆனால் இசட்/விஎம் படியில் அதற்கு வேலை இருக்கிறது. ஒரே ஆவணத்தில் இரண்டு படிகளுக்கும் அதையே எழுதினால் படிப்பவர் ஒன்றை விட்டுவிடுவார். 'செயற்படுத்து' என்பதும் இடிக்கிறது. வடிவூட்டாத வட்டை ஆன்லைன் ஆக்கினாலும் டாஸ்டி பட்டியலில் அதன் நிலை 'ஆக்டிவ்' என்று வராது. வடிவூட்டப்படவில்லை என்றே வரும். செயற்படுத்தியும் செயலில் இல்லை என்று திரை சொன்னால் எப்படி?

அதனால் 'பணியில் அமர்த்து', எதிர்ச்சொல்லாக 'பணியிலிருந்து விடுவி'. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அடுத்து வரும் சிக்கலுக்கும் இது இடம் கொடுப்பதுதான். இயங்கும்போது கட்டளை கொடுத்து ஆன்லைன் ஆக்கிய வட்டு, அமைவுக் கோப்பில் பதியாவிட்டால், மறுதொடக்கத்துக்குப் பின் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. புதிதாக நிர்வகிக்க வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. தற்காலிகப் பணி, நிரந்தரப் பணி என்றால் விளக்கமே வேண்டாம், தமிழ் படிக்கும் எல்லோருக்கும் புரியும்.

'பணியில் உள்ளது' என்பதை 'பிசி' (busy), அதாவது வேறு வேலையில் மும்முரமாக இருக்கிறது, என்று எடுத்துக்கொள்வார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 'பிசி' என்று வரும் செய்தியை 'வேறொரு நிரல் பயன்படுத்துகிறது' என்று நேராகவே எழுதிவிடலாம்.

இன்னொன்று. நிறுவலின் முதல் கட்டம் ஓடும் 3270 என்ற மெயின்ஃப்ரேம் முனையத் திரையில் தமிழ் எழுத்து வராது. அங்கே ஆங்கிலச் செய்தியைப் பார்ப்பவர் தமிழ்க் கையேட்டைப் பக்கத்தில் வைத்துத்தான் பொருள் தேடுவார். ஆகவே கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் 'ஆன்லைன் ஆக்குதல், அதாவது பணியில் அமர்த்துதல்' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுவோம்.

சாதனப் பட்டியலில் நிலைகள் இப்படி வரட்டும்: 'புறக்கணிக்கப்பட்டது', 'பணியில் இல்லை', 'பணியில் உள்ளது – வடிவூட்டப்படவில்லை', 'பணியில் உள்ளது'. பொத்தானில் இடம் போதாவிட்டால் 'அமர்த்து' போதும். மறுப்பு இருந்தால், எந்தத் திரையில் எந்த வரி பொருந்தவில்லை என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.