காரின் ஏ.சி.யைப் போட்டால் கரகரச் சத்தம்: கம்ப்ரசரையே மாற்ற வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம். 2014ஆம் ஆண்டு வாங்கிய எங்கள் பெட்ரோல் காரில், இரண்டு வாரமாக ஏ.சி.யைப் போட்டவுடன், ஏ.சி. கேஸை அழுத்தும் கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கும் வழக்கமான 'டக்' ஓசையைத் தொடர்ந்து, எதையோ அரைப்பது போன்ற கரகரச் சத்தம் எழுகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அது கூடுகிறது, ஏ.சி.யை நிறுத்தினால் முழுவதும் அடங்கிவிடுகிறது. புளோயரை மட்டும் ஓட்டிப் பார்த்தேன், சத்தமில்லை. ஆகவே விசிறியில் சருகு சிக்கியிருக்குமோ என்ற ஐயம் நீங்கியது.

மெக்கானிக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறார். கம்ப்ரசரின் புல்லி (பெல்ட்டால் சுற்றும் சக்கரம்) பேரிங் தேய்ந்திருந்தால், இன்ஜின் ஓடும்வரை புல்லியும் சுற்றிக்கொண்டே இருப்பதால், ஏ.சி. அணைந்திருக்கும்போதும் சத்தம் கேட்க வேண்டும் என்பதால் அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் குளிர்ச்சி சிறிதும் குறையவில்லை. அதுதான் என்னைத் தயங்க வைக்கிறது. போன மாதம்தான் கேஸ் நிரப்பினோம். கேஸ் அளவுக்கு மீறிப் போயிருந்தாலோ, கம்ப்ரசரைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலோ இதே சத்தம் வருமா?

உள்ளே தேய்மானம் இருந்தால் உலோகத் துகள்கள் குழாய்களெங்கும் பரவிவிடும் என்று அஞ்சி, இப்போது ஏ.சி.யைப் போடாமலே ஓட்டுகிறேன். வயதான அம்மாவை வாரந்தோறும் மருத்துவமனைக்கு வெயிலில் அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், பெரிய செலவுக்கு முன் எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.