இன்டர்வியூ வித் த வேம்பயர் பாத்தாக்கள் இருக்கிறீங்களோ? முதல் எபிசோட்கள் உங்களுக்கு எப்பிடி இருந்தது எண்டு எழுதுங்கோ

வெள்ளவத்தை வாசகி

முதல்லயே சொல்லிப்போடுறன், கதை கனக்க வெளிய வரும், முதல் மூண்டு எபிசோட் பாக்காதாக்கள் பாத்திட்டு வாசியுங்கோ. 2022 ஒக்டோபர் 2ஆம் திகதி ஏஎம்சி எண்ட அமெரிக்க டிவியில தொடங்கின தொடர், வேம்பயர் எண்டா ரத்தம் குடிக்கிற பேய். வெளிநாட்டு ஆக்கள் எழுதுறதை எல்லாம் வாசிச்சு முடிச்சிட்டன், எங்கட ஆக்கள் ஒருத்தரும் இதைப் பற்றிக் கதைக்கிறதைக் காணேல்ல, அதாலதான் இதைத் தொடங்குறன். நல்லம் கூடாது எண்டு மாத்திரம் எழுதாம, எந்த இடத்தில உங்களுக்கு மனசு நிண்டது எண்டு எழுதுங்கோ.

நான் ரத்தத்துக்குப் பயந்த ஆள். பல்லு நீளுற படம் எண்டாலே எழும்பிப் போயிடுவன். இதையும் அப்பிடித்தான் நினைச்சுத் தொடங்கினது. ஆனா முதல் எபிசோட்டில என்னைப் பிடிச்சு இருத்தினது லூயிட குடும்பம்தான், அவனைத் தேடி வாற வேம்பயர் லெஸ்டாட் இல்ல. 1910, நியூ ஓர்லியன்ஸ், தகப்பன் இல்ல, கரும்புத் தோட்டக் காசு எல்லாம் கரைஞ்சு போச்சு, மூத்த மகன் விபச்சார விடுதி நடத்தித்தான் வீட்டைத் தூக்கி நிறுத்துறான், அந்தக் காசில சாப்பிடுற தாய்க்கு அது எங்கால வருது எண்டு தெரியும், ஆனா வாய் திறந்து கேக்கமாட்டா. தம்பிட பேர் போல், கடவுள் தன்னோட கதைக்கிறார் எண்டு சொல்லுற பிள்ளை. சகோதரி கிரேஸுக்குக் கலியாணம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கலியாண வீட்டில சேந்து ஆடுவினம், அவ்வளவு வடிவு அது.

நான் பாத்த அண்டைக்கு கரண்ட் இல்ல, லாப்டொப் பற்றரியில ஓடிக்கொண்டிருந்தது, அம்மா சார்ஜர் லைற் வெளிச்சத்தில பக்கத்தில இருந்து கீரை ஆய்ஞ்சுகொண்டிருந்தவ. இங்கிலீஷ் முழுக்க விளங்காது அவவுக்கு. கலியாண ஆட்டத்துக்குத் தலையை நிமித்திப் பாத்தவ, பேந்து குனியவே இல்ல. அடுத்த நாள் விடியக்காலமை கூரையில ரெண்டு பேரும் சூரியன் வாறதைப் பாத்துக்கொண்டு இருக்க, கதைச்சுக்கொண்டு இருந்த தம்பி அப்பிடியே நடந்து போய் விழுந்திடுவான். அம்மான்ர கையில அந்தத் தண்டு அப்பிடியே நிண்டது. பிறகு தாய் லூயிட்ட, நீ அவனுக்கு என்ன சொன்னனி எண்டு கேப்பா. அந்த இடத்தில அம்மா சொன்னா, “ஐயோ, அப்பிடிக் கேக்கக் கூடாது, இருக்கிற பிள்ளையும் போயிடும்” எண்டு.

அதுதான் நடந்தது. லெஸ்டாட் வந்து கடிச்சதால லூயி போகேல்ல, வீட்டில அவனை நம்ப ஒருத்தரும் இல்லாமல் போனதாலதான் போனவன். கோயிலுக்குப் பாவமன்னிப்புக் கேக்க ஓடுவான், அங்கயும் அவனை விடுறதாயில்ல, பாதிரிமாரைக் கொண்டுபோட்டு அந்த பீடத்திலயே வச்சு லெஸ்டாட் அவனைத் தன்னைப் போல ஆக்கிறான். பயங்கரமான காட்சி, ரத்தம் ஆறா ஓடுது, ஆனா நான் கண்ணை மூடேல்ல, ஏனெண்டா அதுக்கு முன்னால அவன் வாய் விட்டுச் சொல்லுற துக்கம் இருக்கே, ஜேக்கப் அன்டர்சன் அதைச் சொல்லுற விதம், அவரைக் கேம் ஒஃப் த்ரோன்ஸில கிரே வேர்மா, முகத்தில ஒண்டும் காட்டாத படை வீரனாப் பாத்த ஆக்களுக்கு இது வேற ஒரு ஆள்.

ரெண்டாவதில சகோதரிட பிள்ளையை மடியில வச்சிருக்கேக்க அந்தச் சின்ன இருதயம் துடிக்கிறது லூயிட காதுக்குக் கேக்குமே. அவன் மாமன், அவனுக்குப் பசிக்குது. அந்தப் பசி தெரிஞ்ச உடன தன்னைத்தானே பாத்து நடுங்குறான். எனக்கு இந்தத் தொடர் முழுக்க அந்த ஒரு காட்சிதான். பாசம் வச்ச ஆக்களுக்குக் கிட்டப் போகேலாத ஒரு மனுசன்ர கதை இது, மற்றதெல்லாம் பேந்துதான்.

கொட்டாஞ்சேனை அண்ணாச்சி

தங்கச்சி, நான் பாத்துட்டேன், ஆனா நீங்க பாத்த எடத்த நான் பாக்கல. எனக்கு மனசுல நின்னது துபாய் பகுதி.

கதை தெரியாதவங்களுக்காக, லூயி தன்னோட வாழ்க்கைய டேனியல் மொலோய்ங்கிற வயசான பத்திரிகைக்காரர்கிட்ட 2022ல துபாய்ல ஒரு ஒசந்த மாடி வீட்டுல வச்சு சொல்றாரு. அம்பது வருசத்துக்கு முந்தி 1973ல சான் பிரான்சிஸ்கோவுல ஒருக்கா சொல்லி, அது கெட்டுப் போயி, இப்ப ரெண்டாந்தரம். மொலோய்க்கு பார்கின்சன் வருத்தம், கை நடுங்குது, ஆனா கேள்வி மட்டும் நடுங்காது. எரிக் பொகோசியன் அந்த வேசத்துல பிச்சு ஒதறியிருக்காரு.

அந்த வீட்டுல வேல செய்ற ஆளுங்கள பாத்தீங்களா? சத்தமே இல்லாம வர்றாங்க, தட்டு வைக்கிறாங்க, போறாங்க. ரெண்டாவது எபிசோட்ல மொலோய்க்கு தட்டு தட்டா சாப்பாடு வருது, அதே மேசையில ஒரு மனுசன் வந்து ஒக்காந்து லூயிக்கு தன் ரத்தத்த குடுக்கிறாரு. சண்ட இல்ல, கத்தல் இல்ல, விருப்பத்தோடதான் குடுக்கிறாரு, பாத்தா சம்பளத்துக்கு ஷிஃப்ட் மாறி வந்த மாதிரி. என் தம்பி துபாய்ல ஒரு பெரிய வீட்டுல ட்ரைவர், ஒம்பது பேர் வேல செய்ற வீடு. அவனுக்கு அந்தக் காட்சிய போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, “அந்த மேசையில யார் சாப்பிட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியும்ணே, எங்கள யாருக்கும் தெரியாது”ன்னான். எனக்கு அதுக்கப்புறம் லூயிய பாவம்னு பாக்க முடியல. நூறு வருசத்துக்கு முந்தி வெள்ளக்காரன் முன்னாடி தலகுனிஞ்சு நின்ன மனுசன், இப்ப வாசல்ல ஆள் நிறுத்தி வச்சிருக்காரு. தொடர் எடுத்தவங்க இத தெரிஞ்சுதான் வச்சிருக்காங்கன்னு நம்புறேன், இல்லாட்டி அந்த வேலக்காரங்க முகத்துக்கு கேமரா அவ்வளவு கிட்ட போகாது.

இன்னொன்னு, அந்த ரஷீத். அந்த வீட்டுல ஆளு சாதாரண வேலக்காரன் இல்ல, அவன் நிக்கிற நிலைய பாருங்க. அசாத் சமான்னு பங்களாதேஷ் வம்சத்து பிரிட்டிஷ் நடிகர். எல்லாருக்கும் காதுக்குள்ள ஏதோ சொல்லிக்கிட்டே இருக்கான். இவன் மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க.

தெஹிவளை தம்பி

மன்னிக்கோணும் அக்கா, எனக்குப் பிடிக்கேல்ல. ஒரே கதை கதை கதை, வேம்பயர் தொடர் எண்டா வேட்டை வேணும். முதல் எபிசோட்டில அவன் மாறுறதுக்கே ஒரு மணித்தியாலம் கிட்டப் போகுது. மியூசிக் மட்டும் சொல்லி வேலையில்ல, டேனியல் ஹார்ட் போட்டது, ஹெட்போனில கேளுங்கோ, பியானோ வாற இடமெல்லாம் திரும்பக் கேட்டன். அதுக்காக நாலாவதையும் பாப்பன்.

மருதானை ராத்தா

நான் பொம்புளயா பாத்தத செல்லுறன். எல்லாரும் லெஸ்டாட் அழகு, லெஸ்டாட் காதல் என்டு எழுதுறாங்க. சாம் ரீட் நல்ல நடிகர், அதுல பேச்சில்ல, சிரிச்சா வீடே வெளிச்சமாகுது. ஆனா அவர் லூயிக்கு செய்யுறத ஒவ்வொண்டா பாருங்களே. முதல்ல லூயி விரும்பிப் போற பொம்புள லில்லி இல்லாமப் போறா. பொறவு குடும்பத்த விட்டு தூரமாக்குறது. நீ எனக்கு மட்டும்தான் விளங்குவ, உன்ன எனக்கு மட்டும்தான் விளங்கும் என்டு திரும்பத் திரும்ப சொல்லுறது. லூயி மனுசன் ரத்தம் வேணாம் என்டு எலி பூன தேடிப் போனா அதுக்கும் நக்கல்.

ஒரு விஷயம் நல்லா எழுதி ஈக்குறாங்க. லூயி மனுசனா ஈக்கக்குள்ள லெஸ்டாட் அவர்ட மனசுக்குள்ளேயே வந்து பேசுவார். மாத்தினதுக்குப் பொறவு அது ஏலாது, ஆக்கினவருக்கும் ஆனவருக்கும் ஒருத்தர்ட மனசு ஒருத்தருக்குக் கேக்காது. கலியாணத்துக்கு முந்தி ராவு ராவா போன்ல பேசினவர், வீட்டுக்கு வந்த பொறவு ஒரே ஹோல்ல ஈந்துக்கிட்டு ஒரு சொல்லும் பேசாம ஈக்குற எத்தன வீடு எனக்குத் தெரியும். ஒரே சவப்பெட்டியில படுக்குறாங்க ரெண்டு பேரும், ஆனா ஒருத்தருக்கு மத்தவர்ட உள்ளம் தெரியாது. ரெண்டாவது எபிசோட் பாத்துட்டு எனக்கு நித்திர வரல்ல, பேய்க்குப் பயந்து இல்ல.

இதுல காதல் ஈக்குது, இல்லன்டு செல்லல்ல. ஆனா இது பாசத்த வச்சு ஆளப் பிடிச்சு வைக்கிறது. வெளிய இத காதல் கதன்டு விக்கிறவங்களோட எனக்கு சண்ட.

பம்பலப்பிட்டி பழைய புத்தகம்

புத்தகத்தை வாசிச்ச ஆள் எண்ட முறையில கொஞ்சம் சொல்ல இருக்கு. 1976ல வந்த ஆன் ரைஸின்ர நாவல். மருதானைப் பக்கம் மெக்கலம் வீதிப் பழைய புத்தகக் கடையில வாங்கினது, அட்டை போய், ஆராவது ஒரு ஆள் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால கோடு போட்டது. ஆன் ரைஸ் நியூ ஓர்லியன்ஸில பிறந்த ஆள், 2021 டிசம்பரில காலமானவ, இந்தத் தொடரை அவ பாக்கக் குடுத்து வைக்கேல்ல. அவட மகள் ஆறு வயசு ஆகமுதல் லுகேமியாவில செத்துப்போன பிறகு எழுதின புத்தகம் இது. அதுக்குள்ள வளராத ஒரு சின்னப் பிள்ளை, கிளோடியா, ஏன் வாறாள் எண்டது அதைத் தெரிஞ்சுகொண்டு வாசிச்சா நெஞ்சடைக்கும். மூண்டாவது எபிசோட் முடிவில நெருப்புக்குள்ள இருந்து லூயி தூக்குற பிள்ளை அவள்தான். நாவலில அஞ்சு வயசு, இதில பதினாலு.

புத்தகத்திலயும் 1994ஆம் ஆண்டுப் படத்திலயும் லூயி வெள்ளைக்காரன், 1791, அடிமையளை வச்சுத் தோட்டம் நடத்துற முதலாளி. தொடரில அவன் கறுப்பினக் கிரியோல், பிரெஞ்சு கலந்த அந்த ஊர்ப் பரம்பரை, 1910. இதை மாத்தினதுக்குக் கனபேர் கோவப்படுகினம், புத்தகத்தைக் கெடுத்துப்போட்டாங்கள் எண்டு. நான் புத்தகத்தை உயிரா நினைக்கிற ஆள், நான் சொல்லுறன், இந்த மாற்றம் இல்லாட்டி கதைக்கு இந்தப் பலம் இல்ல. நாவலில லூயி ஏன் இவ்வளவு குற்ற உணர்ச்சியில உருகுறான் எண்டு எனக்குச் சில இடத்தில அலுத்திருக்குது. இங்க ஒவ்வொரு வசனத்துக்கும் காரணம் இருக்குது.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சா இன்னும் விளங்கும். லூயி விடுதி நடத்துற ஸ்டோரிவில் உண்மையா இருந்த இடம், 1897ல நகரசபையே எல்லை போட்டு விபச்சாரத்துக்கு விட்ட பகுதி, 1917ல அமெரிக்கா உலக யுத்தத்துக்குள்ள போகேக்க கடற்படைக்காரர் நெருக்கி மூடினவை, பிறகு இடிச்சுத் தொடர்மாடி கட்டினது. ரயிலில வெள்ளைக்காரருக்கு வேற பெட்டி, கறுப்பருக்கு வேற பெட்டி எண்டது சரிதான் எண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் 1896ல சொன்ன வழக்கும் இந்த நியூ ஓர்லியன்ஸ்காரர் ஒருத்தர்ர வழக்குத்தான், ஹோமர் பிளெசி. லூயிட காலம் அதுக்குப் பிறகு. காசு இருக்கு, சூட் இருக்கு, வெள்ளைக்காரரோட சீட்டு மேசையில இருக்க விடுவினம், ஆனா அங்க அவன் சிரிக்கிற சிரிப்பைப் பாருங்கோ, வீட்டில சிரிக்கிறது வேற. மேசையில ஒரு குரல், தம்பியோட ஒரு குரல், விடுதி வாசலில ஒரு குரல்.

கொழும்பில வளந்த எங்களுக்கு அதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. யுத்த நேரம் 155 பஸ்ஸில அம்மா என்ர தொடையில கிள்ளுவா, தமிழில சத்தமாக் கதைக்காத எண்டு. செக்பொயின்ற் வந்தா அப்பான்ர குரலே மாறும், தோள் கொஞ்சம் பதியும், சிங்களத்தில மாத்தையா மாத்தையா எண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் லூயிட முகத்தில கண்டன். அதைக் கண்டுட்டு, கறுப்பினத்தவனா மாத்தினது தேவையில்லாத வேலை எண்டு சொல்லுற ஆக்களோட எனக்கு எப்பிடிச் சேர ஏலும்.

கல்கிசை

எல்லாரும் எழுதினது வாசிச்சன். எனக்கு ஒண்டுதான். ரெண்டு ஆம்பிளையள் ஒரு வீட்டில குடும்பமா இருக்கினம் எண்டதை இந்தத் தொடர் ஒளிக்கேல்ல, பழைய படத்தில பார்வையாலயும் பெருமூச்சாலயும் சொன்னதை இதில நேராச் சொல்லுது. எங்கட நாட்டில இப்பிடியான உறவைக் குற்றமாக்குற தண்டனைச் சட்டக் கோவை 365, 365ஏ இண்டைக்கும் இருக்குது. நான் ஆரெண்டு வீட்டில சொல்லேல்லாம இருக்கிற ஆள். லூயி பாவமன்னிப்புப் பெட்டிக்குள்ள இருந்து அழுதழுது எல்லாத்தையும் சொல்லிக் கொட்டுற நேரம் நான் ஸ்கிரீனை நிப்பாட்டிப்போட்டு வெளிய போய் நிண்டன். ராத்தா சொன்னது சரி, லெஸ்டாட் நல்லவன் இல்ல. ஆனா பிழையான ஆளெண்டாலும் முதல் முதல் ஒருத்தன் உன்னைப் பாத்து நீ ஆரெண்டு எனக்குத் தெரியும் எண்டு சொன்னா, அதை விட்டுட்டு வாறது லேசில்ல. அதை விளங்கிக்கொண்டு பாருங்கோ.

வெள்ளவத்தை வாசகி

கல்கிசை, நீங்க இதை இங்க எழுதினதுக்கு நன்றி. எப்ப வேணுமெண்டாலும் எழுதுங்கோ, நாங்க இருக்கிறம்.

ராத்தா, லில்லிட விசயம் நான் கவனிச்சிருக்க வேண்டிய இடம், திரும்பப் பாக்கப்போறன். அண்ணாச்சி, உங்கட தம்பி சொன்னதை அம்மாக்குச் சொன்னன், அவ ரஷீத்தைப் பற்றி உடன கேட்டா, அந்தப் பெடியன் வேலைக்காரன் இல்லயாம், நிக்கிற நிலையில வீட்டுக்காரன்ர நிமிர்வு இருக்காம். ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லுறியள்.

தெஹிவளைத் தம்பிக்கு, வேட்டை வேணுமெண்டா இது சரிவராது, உண்மை. சின்னனில அம்மம்மா சொன்ன காட்டேறிக் கதையிலயும், பக்கத்து வீட்டு சிங்கள ஆச்சி சொன்ன ரீரி யக்கா கதையிலயும் பேய் வரும், ரத்தம் கேக்கும், குடுக்க வேண்டியதைக் குடுத்தா போயிடும். பேயிட பக்கத்தில இருந்து ஒருத்தரும் கதை சொன்னதில்ல. இதில ரத்தம் கேக்கிறவனே இருந்து தன்ர கதையைச் சொல்லுறான், மொலோய் இடைக்கிடை மறிச்சு, போனமுறை நீர் வேற மாதிரிச் சொன்னீரே எண்டு கேக்கிறார். ஆர் சொல்லுறது உண்மை எண்டு தேடுறதுதான் இங்க வேட்டை. அதோட பாத்தா நாலாவது உங்களுக்குப் பிடிக்கலாம்.

இன்பொக்ஸில ஒரு அக்கா, பதினாலு வயசு மகள் கேக்கிறா, காட்டலாமோ எண்டு கேட்டிருந்தவ. நான் எண்டா இப்ப காட்டமாட்டன் அக்கா. ரத்தத்துக்காக இல்ல, அதை இந்தக் காலத்துப் பிள்ளையள் போனில கனக்கக் காணுதுகள். விடுதிக் காட்சியள் வெளிப்படையா இருக்குது, அதோட லூயிட தம்பி கூரையில இருந்து போற இடம் முன்னறிவித்தல் ஒண்டும் இல்லாம வருது, உங்கட வீட்டில அப்பிடி ஒரு இழப்பு நடந்திருந்தா பெரியாக்களே தனியப் பாக்கிறது கவனம். நீங்க முதல் பாருங்கோ, பாத்திட்டு அவவோட கதையுங்கோ. ரெண்டாவது சீசனும் எடுக்கிறதெண்டு முதலாவது தொடங்க முன்னமே முடிவெடுத்திட்டினம், அதால அவவுக்கு அவசரப்பட ஒண்டும் இல்ல.

நாலாவது பாத்தாக்கள் கிளோடியா பற்றி எழுதேக்க மேல பெரிசா “நாலாவது” எண்டு போட்டிட்டு எழுதுங்கோ, எல்லாரும் ஒரே நேரத்தில பாக்கிறதில்ல.