பேட்டரியில் 12.5 வோல்ட் இருக்கு, பிரிட்ஜ் மட்டும் 'லோ வோல்டேஜ்' காட்டுது

வேன்வாசி:
வேனில் 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ், ஓடும்போது 5 ஆம்ப். பிளஸ்ஸுக்கு பேட்டரியிலிருந்து 5 மீட்டர், 1.5 சதுர மி.மீ. செம்பு வயர். மைனஸ், பிரிட்ஜ் பக்கத்திலேயே பாடியில் போல்ட். 15 ஆம்ப் ஃபியூஸ் பிரிட்ஜ் பக்கம் இருக்கு. இன்ஜின் ஓடினா பிரச்சினை இல்லை. அணைச்ச கொஞ்ச நேரத்தில் பிரிட்ஜ் ட்ரிப் ஆகுது, அதாவது தானா நின்னுடுது. பேட்டரி மாத்தணுமா?

செம்புக்கம்பி:
அவசரப்படாதீங்க. லோடு இல்லாம எடுத்த 12.5-ஐ வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. இன்ஜினை அணைச்சு, கம்ப்ரசர் ஓடும்போதே அளங்க: பேட்டரி முனையில், பிரிட்ஜ் முனையில். அப்புறம் மல்டிமீட்டரோட ஒரு புரோப் (அளக்கும் முனை) பேட்டரி பிளஸ், இன்னொண்ணு பிரிட்ஜ் பிளஸ். அதே மாதிரி மைனஸுக்கு மைனஸ். வோல்ட் எங்கே தொலையுதுன்னு கடைசி ரெண்டு அளவும் காட்டிக் கொடுத்துடும்.

வேன்வாசி:
பேட்டரி 12.3, பிரிட்ஜ் 11.1. பிளஸ் பக்கம் 0.3, மைனஸ் பக்கம் 0.9.

செம்புக்கம்பி:
பேட்டரி நல்லாத்தான் இருக்கு. செம்புக்கு ஒரு மீட்டருக்கு 0.0175 ÷ சதுர மி.மீ. ஓம். உங்க 5 மீட்டருக்கு 0.058 ஓம், 5 ஆம்பில் 0.29 வோல்ட். பிளஸ் கணக்கு அப்படியே பொருந்துது. கோளாறு எர்த்தில், அதாவது மைனஸ் பாடியோட சேரும் பக்கம். 0.9 × 5 = 4.5 வாட் அங்கே சூடாப் போகுது. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரியலாம். பெரும்பாலும் ரிங் டெர்மினலுக்கு (வயர் முனையில் போல்ட் நுழையும் வளையம்) அடியில் பெயிண்டோ துருவோ இருக்கும். பளபளப்பான உலோகம் தெரியச் சுரண்டி, பல்வாஷர் போட்டு இறுக்குங்க. கிரீஸ் அதுக்கப்புறம், மேலே மட்டும். பிறகும் குறையலைன்னா பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போற கேபிளைப் பாருங்க.

இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கிட்ட தருது, அதனால இந்தக் குறை மறைஞ்சு போச்சு.

ரிலே_87:
எர்த்தைச் சரி பண்ணினாலும் 1.5 வயரை அப்படியே விட்டுடாதீங்க. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் 5 ஆம்பை விட நிறைய இழுக்கும், ட்ரிப் ஆவதே பெரும்பாலும் அப்போதான். 6 சதுர மி.மீ. போட்டா பிளஸ் இழப்பு 0.07-க்கு இறங்கிடும்.

அதைவிட அவசரம் ஃபியூஸ். அது காப்பாத்த வேண்டியது வயரை, பிரிட்ஜை இல்லை. இப்போ நடுவில் எங்காவது வயர் உரசி பாடியில் பட்டா, பேட்டரி கொடுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பைத் தடுக்க எதுவுமே இல்லை. ஃபியூஸை பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மாத்துங்க. தகடு ஓட்டை வழியா வயர் போற இடத்தில் ரப்பர் குரோமெட்டும் (வயர் உரசாம காக்கும் வளையம்) வேணும்.

வேன்வாசி:
நடுவில் வீட்டு 230 வோல்ட் சுவிட்ச் ஒண்ணு போடலாமா?

ரிலே_87:
டிசி ரேட்டிங் எழுதியிருந்தா மட்டும். ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், சுவிட்சை அணைக்கும்போது வர்ற பொறி தானா அணையும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது. காண்டாக்ட் கரிஞ்சு, இன்னும் கொஞ்சம் வோல்ட் அங்கே போகும்.