த்ரூ டிக்கெட்: ‘முழுவழிச் சீட்டு’ சரிவருமா?

நண்பர்களே,

வண்டி மாறிப் போகும் ரயில் பயணத்தில் வழி முழுவதற்கும் சேர்த்து வாங்குவது ‘த்ரூ டிக்கெட்’. அதற்குத் தமிழில் ‘நேர்ச்சீட்டு’, ‘தொடர்பயணச் சீட்டு’, ‘இணைப்புச் சீட்டு’ என்ற சொற்கள் முன்மொழியப்பட்டன. அவற்றில் ‘நேர்ச்சீட்டு’ எனக்கு ஒட்டவில்லை. நேர் என்றதும் வண்டி மாறாமல் போகலாம் என்று தோன்றும். வண்டி மாறுகிறவருக்குத்தான் இந்தச் சீட்டே தேவை. ‘தொடர்பயணச் சீட்டு’ பரவாயில்லை. ஆனால் தனித்தனியாக இரண்டு சீட்டு வாங்கிப் போவதும் தொடர்பயணம்தானே?

கொலோனிலிருந்து பிரசல்ஸ் வரை ஜெர்மன் ரயில்வேயின் ஐசிஇ அதிவேக வண்டி, அங்கே மாறிப் பாரிசுக்கு யூரோஸ்டார் வண்டி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். முதல் வண்டி 70 நிமிடம் தாமதமாகி, அடுத்ததைத் தவறவிட்டாயிற்று. தனித்தனி ஒப்பந்தம் என்றால், விதிவிலக்குகள் நீங்கலாக, முதல் நிறுவனம் தன் சீட்டுக் கட்டணத்தில் 25 சதவீதத்தை இழப்பீடாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். பாரிஸ் சீட்டு உங்கள் பாடு. ஒரே ஒப்பந்தம் என்றால் பாரிஸ் சேரும்வரை பொறுப்பு உண்டு: வேறு வண்டியில் அனுப்பிவைக்க வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் 7 முதல் நடப்பில் உள்ள 2021/782 என்ற ரயில் பயணியர் உரிமை ஒழுங்குமுறை த்ரூ டிக்கெட்டுக்குத் தரும் வரையறையைப் பாருங்கள். ஒரு சீட்டாகவும் இருக்கலாம், பல சீட்டுகளாகவும் இருக்கலாம். ஒப்பந்தம் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, கையில் எத்தனை காகிதம் என்பது பொருட்டே இல்லை.

‘இணைப்புச் சீட்டு’ மாட்டிக்கொள்வதும் இந்த ஒழுங்குமுறையில்தான். விற்பனையாளரே தன் விருப்பத்தில் பல சீட்டுகளைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையில் விற்றால், அதற்குத் தனி விதி இருக்கிறது. பயணி இணைப்பு வண்டியைத் தவறவிட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தந்து, அதில் 75 சதவீதத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். இவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று சீட்டில் அச்சிட்டு, வாங்கும் முன்பே சொல்லியிருந்தால் அவர் தப்பித்தார். இப்படிச் சேர்த்து விற்பதைத்தான் ‘இணைப்பு’ என்று சொல்லத் தோன்றும். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடலாம்.

நான் முதலில் ‘ஓரொப்பந்தச் சீட்டு’ என்று எழுதிவைத்திருந்தேன். வாய்க்குள் நுழையவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிரிட்டனுக்குப் போனால் பொருளும் பொருந்தவில்லை. அங்கே நேஷனல் ரயில் (பயணியர் ரயில் நிறுவனங்களின் பொதுப் பெயர்) பயண நிபந்தனைகளின்படி, உங்கள் சீட்டு எந்தெந்த நிறுவன வண்டிகளில் ஏற இடம் தருகிறதோ அந்த ஒவ்வொரு நிறுவனத்தோடும் நீங்கள் ஒப்பந்தம் செய்கிறீர்கள். சீட்டு ஒன்று, ஒப்பந்தக்காரர்கள் பலர்!

அதனால் ஒப்பந்தத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, பொறுப்பு எதுவரை என்று பார்த்தேன். புறப்படும் இடத்திலிருந்து போய்ச்சேரும் இடம்வரை, வழி முழுவதும். ‘முழுவழிச் சீட்டு’ அதைச் சொல்லிவிடுகிறது.

எதிர்ச்சொல்லும் தேவைப்படும். ‘துண்டுச் சீட்டு’ வேண்டாம். கசக்கி மடித்து நீட்டுகிற காகிதம்தான் கண்முன் வரும். ‘பகுதிவழிச் சீட்டு’ என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும். முன்பதிவு செய்கிறவர் “இது முழுவழியா, பகுதிவழியா?” என்று கேட்டாலே போதும்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. பிரிட்டனில் பயணத்தைக் கூறுபோட்டுப் பல சீட்டு வாங்கலாம். ஒரு சீட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் நிலையத்தில் வண்டி நிற்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. இது செல்லுபடி பற்றிய விதி, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பது வேறு கேள்வி. இதையும் ‘பகுதிவழி’யில் அடக்குவதா, ‘கூறுசீட்டு’ என்று பிரிப்பதா? எனக்குப் பிரிப்பதே சரி என்று படுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.